சொல்லைப் போற்றுவோர் நெல்லை விதையாதது ஏன்?

நெல்லின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறாத தமிழ்மேடை உண்டோ? 'அரிசி என்னும் நம் சொல்லன்றோ கிரேக்க நாடேறி ஒரைசா ஆயிற்று!' என்று முழங்குகிறோம், கேட்போர் பூரிக்கின்றனர். கால்டுவெலார் அவ்வாறு கருதினார் என்பது மெய். அதனை ஒப்பாத மொழிநூலாரும் உளர் என்பதும் மெய். அவ்வழக்கை அவர்கள் மன்றத்துக்கே விட்டுவிடுவோம். யாம் வினவ வந்தது வேறொன்று. என்றோ கடல் கடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சொல்லுக்காக இத்துணைப் பெருமிதம் கொள்ளும் அன்பரே, உங்கள் வீட்டில் முளைக்கக்கூடிய நெல் ஒரு பிடியேனும் உண்டா?

'அரிசி இருக்கிறது' என்று விடை வரும். இருக்கும். மூட்டையிலும் இருக்கும், இந்நாளில் கவுனி என்றும் மாப்பிள்ளைச் சம்பா என்றும் பெயர் பொறித்த நெகிழிப் பையிலும் இருக்கும். ஆனால் தீட்டிய அரிசி முளைக்காது. ஆலையில் உமி நீங்கித் தவிடும் நீங்கும்போது கருமுளையும் உடன்போய்விடுகிறது. புழுக்கிய நெல்லோ உமிக்குள் இருந்தும் உயிரற்றது. மரபு அரிசியை விலை கொடுத்து வாங்குவதால் அதை விளைவித்த உழவர்க்கு நன்மை உண்டு, அதை மறுப்பாரில்லை. ஆயினும் உலைக்குப் போகும் அரிசி அந்நெல்லின் முடிவேயன்றித் தொடக்கமன்று. தொடக்கம் வித்து. அது நம் வீடுகளில் இல்லை.

இதில் மொழிக்கு என்ன வந்தது என்பீர்கள். சொல்லுகிறோம்.

அறுபதாம் குறுவை என்னும் பெயரைக் கேட்ட அளவில் அது எத்தனை நாட்பயிர் என்பதும், எந்தப் பட்டத்துக்கு உரியது என்பதும் விளங்கிவிடுகின்றன. கருங்குறுவை என்றால் நிறமும் பட்டமும் தெரிகின்றன. சீரகச் சம்பா என்றால் மணியின் வடிவு தெரிகிறது. ஆடி ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது என்பதும் தெரிகிறது. தூயமல்லி என்றதும் வெண்மை கண்முன் நிற்கிறது. யாழ்ப்பாணத்தான் மொட்டைக்கறுப்பன் என்று வைத்தானே, அப்பெயரில் புலவன் கைபட்டதா? வயலில் குனிந்து நிமிர்ந்த உழவனும் உழத்தியும் கண்டதைக் கண்டவாறு சொன்னார்கள், அது பெயராயிற்று. அகரமுதலி எழுதினோர் பின்னால் வந்து பொறுக்கிக்கொண்டனர்.

இன்று அதே உழவரின் பேரன் 'ஏ.டி.டி. நாற்பத்தைந்து போட்டிருக்கிறேன்' என்கிறான். ஆடுதுறை என்னும் இனிய ஊர்ப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள் அவை. வேளாண்துறையின் தமிழ்க் குறிப்புகளே ஆடுதுறை 45 என்றுதான் அச்சிடுகின்றன, நாம்தாம் ஏ.டி.டி. என்று வாய் குழறுகிறோம். அம்பாசமுத்திரத்து நெல்லைத் தெற்கே 'அம்பை 16' என்று வாயாரச் சொல்லும் உழவர் இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் வாழ்க! பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்த பி.பி.டி. 5204, இங்கே 'ஆந்திராப் பொன்னி' ஆயிற்று. பொன்னி என்பது காவிரியின் பெயர். அப்பெயர் தாங்கிய வெள்ளைப் பொன்னியின் தாய்தந்தையர் யாவர் எனின், தைவானத்துத் தைச்சுங் 65-உம் மலையாவின் மாயாங் எபோசும் ஆவர். அயலிலிருந்து வந்த நெல்லை வெறுக்கச் சொல்லவில்லை. நல்ல நெல் எங்கிருந்து வந்தாலும் வரட்டும். வந்ததற்குக் காவிரியின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த நாம், காவிரிக்கரையிலேயே பிறந்தவற்றின் பெயர்களை மறந்தோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். கிச்சிலிச் சம்பா வழியில் தோன்றிய நெல் ஒன்று 1921-இல் அரசு ஆராய்ச்சி வாயிலாக வெளியிடப்பட்டது. சோற்றின் நயத்துக்குப் பெயர்பெற்ற நெல் அது. அதற்கு இட்ட பெயர் ஜி.இ.பி. 24. அவ்வெழுத்துகள் எதைக் குறிக்கின்றன தெரியுமா? பயிராராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆங்கில ஆட்சி அலுவலரின் பதவிப்பெயரை! மண்ணின் பெயருமில்லை, மணியின் பெயருமில்லை; நாற்காலியின் பெயர். இந்நெல்லின் வழிவந்தது திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6. தண்டு துளைக்கும் பூச்சியைத் தாங்கும் அதன் இயல்புக்காகவே அதனைப் பிலிப்பைன்சு நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் எடுத்து ஐ.ஆர். 20-க்குப் பெற்றோருள் ஒன்றாக்கினர். ஆக, ஆசிய நாடுகளின் வயல்களில் பரவிய நெல்லில் நம் கிச்சிலிச் சம்பாவின் குருதி ஓடுகிறது, பெயர் ஓடவில்லை. அதே நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8-க்குக் குட்டைத்தன்மை தந்த தைவானத்து நெல்லின் பெயரைப் பாருங்கள்: டீ-சியோ-வூ-சென். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் உலகத்து வேளாண் நூல்களெல்லாம் அதனை ஓர் எழுத்தும் குறையாமல் அவ்வாறே எழுதுகின்றன. தம் நெல்லைத் தம் பெயரோடு கொடுத்தவர்க்கு அந்த மதிப்பு. நாம் பெயரை உதிர்த்துவிட்டு நெல்லைக் கொடுத்தோம்.

குட்டை நெல்லைக் கொண்டுவந்தோரையெல்லாம் வஞ்சகர் என்று வசைபாடும் எழுத்துகள் சில இந்நாளில் உலவுகின்றன. எமக்கு அதில் உடன்பாடில்லை. 1965-இலும் 1966-இலும் மழை பொய்த்து, அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்து உலை வைத்த நாடு இது. உயரமான பழைய வகைகள் மிகுதியாக உரமிட்டால் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்தன, குட்டை வகைகள் சாயவில்லை, விளைச்சல் கூடிற்று. பசித்தவனிடம் மரபு பேசுவது அறமன்று. குற்றம் எங்கே எனின், புதியது வயலுக்கு வந்தபோது பழையதற்கு வரப்போரத்தில் ஒரு பாத்தியும் ஒதுக்காமல் விட்டதில் இருக்கிறது. ஒரு சிற்றூரில் நிலத்துக்கு நிலம் வெவ்வேறாயிருந்த நெல், இரண்டு மூன்று எண்களாகச் சுருங்கிற்று. அப்பாத்தியை ஒதுக்காதவர் உழவர் மட்டுமா? கற்ற நாமும்தாம்.

இங்கே நெல்லின் இயல்பு ஒன்றை உணரவேண்டும். சொல் ஏட்டில் கிடந்தால் நூறாண்டு கழித்தும் எடுத்து ஆளலாம். ஏடு அழியாதிருந்தால் போதும். நெல் அப்படியன்று. நன்கு காய்ந்த வித்தாயினும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஓராண்டு கடந்ததும் அதன் முளைப்புத்திறன் குறையத் தொடங்கும். இரண்டு மூன்று ஆண்டு விதையாது விட்டால் பெரும்பாலும் உயிரற்றுப் போகும். பிறகு 'குழியடிச்சான்: ஒருவகை நெல்' என்று அகரமுதலியில் நிற்குமே, அது கல்லறை எழுத்து. உவர்நிலத்தைத் தாங்கும் நெல் அது என்று எழுதி வைக்கலாம். அவ்வெழுத்து உவர்நிலத்தில் முளைக்குமா?

'எல்லாம் வித்துவங்கியில் பாதுகாப்பாக இருக்கின்றன, கவலை எதற்கு?' என்பாரும் உளர். இருக்கின்றன. பிலிப்பைன்சின் லாசு பானோசில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல்வித்துகள் உறைகுளிரில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அப்பணியை இகழோம், பேரழிவில் அதுவே கைகொடுக்கும். ஆனால் உறைகுளிரில் கிடக்கும் வித்து, புதிதாய் வந்த பூச்சியையும் உப்பேறும் மண்ணையும் மாறிவரும் மழையையும் கண்டு பழகுவதில்லை. அதன் பெயரை எவரும் வாயால் சொல்வதுமில்லை. மேலும் வங்கியின் திறவுகோல் யார் கையில் இருக்கும் என்பதும் எக்காலமும் உறுதியில்லை. நெல்லறிஞர் இரிச்சாரியா நடு இந்தியச் சிற்றூர்களில் அலைந்து ஏறத்தாழ 19,000 நெல்வித்துகளைத் தொகுத்து வைத்தார். அத்தொகுப்பைக் காத்துவந்த இராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகம், 2002-இல் சிஞ்சென்டா என்னும் அயல்நாட்டு வித்து நிறுவனத்தோடு உடன்படிக்கைக்கு முற்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர், நிறுவனம் அவ்வாண்டே பின்வாங்கிற்று. அங்கே எழுந்து நின்றனர், காப்பாற்றினர். ஒவ்வொரு முறையும் எழ முடியுமா? வித்து பத்தாயிரம் வீட்டில் இருந்தால் எந்த உடன்படிக்கையும் அதை அள்ளிக்கொண்டு போகமுடியாது.

இனி, இதனைப் படித்து நகைப்போர்க்கு வருவோம். 'வீட்டுத் தோட்டத்தில் கத்தரி போடலாம், அவரை போடலாம், நெல்லா? நாலு பிடி நெல்லை வைத்து யார் பசி ஆறும்?' பசி ஆறாது. ஒப்புக்கொள்கிறோம். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் மரபு நெல் நன்றாக வந்தால் இரண்டு கிலோவும் சற்று மேலும் நெல் கிட்டும். தீட்டினால் ஒன்றரைக் கிலோ அரிசி. ஒரு விருந்துக்கும் காணாது. ஆனால் கணக்கை மறுபுறம் திருப்புங்கள். ஒற்றை நாற்று நடவில் ஓர் ஏக்கருக்கு வேண்டிய வித்து 2 முதல் 3 கிலோவே. கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி, ஓர் ஏக்கருக்கு வித்து! அதற்கு நீங்கள் முதலில் விதைக்க வேண்டியது எவ்வளவு? பத்து அங்குல இடைவெளியில் 144 தூர், 144 மணி. ஆயிரம் மணியின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 கிராம். பழுதுக்கும் பறவைக்கும் சேர்த்து இருமடங்கு வைத்தாலும் உள்ளங்கையின் குழியில் அடங்கிவிடும். இதைச் செய்ய இடமில்லை என்போரின் வீட்டு முகப்பில் வெட்டிச் சமன்செய்த புல்தரையைக் கண்டிருக்கிறோம். நாள்தோறும் நீர் ஊற்றுகிறார்கள். நெல்லும் புல்லினந்தான் ஐயா! தண்ணீர் குடிக்கும் புல்லே வேண்டுமெனில், பெயருள்ள புல்லாக வளர்க்கலாகாதா?

வளர்ப்பது அரிதன்று. வித்தை உழவரிடமே பெறவேண்டும். திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரங்கத்தில் நெல் செயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்தார். இரண்டு கிலோ வித்துப் பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கே முறை. நம்மாழ்வாரின் வழிவந்து 174 மரபு வகைகளை மீட்ட அவர் 2018 திசம்பரில் மறைந்தார். அம்முறையைப் பின்பற்றி வித்துத் தருவோர் இன்று பல மாவட்டங்களில் உள்ளனர்.

உப்புநீரில் கோழிமுட்டை சற்றே தலைகாட்டி மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லை இடுக. மிதப்பது பதர், நீக்குக. மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, நீர் வடித்து, ஈரக் கோணியில் சுற்றி மேலும் ஒரு பகலும் இரவும் வைத்தால் முனையில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். அகன்ற தட்டில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து தூவிவிட்டால் அதுவே நாற்றங்கால். பதினைந்தாம் நாள் அளவில் ஒவ்வொரு நாற்றாக வேர் அறாமல் எடுத்து நடலாம். களிமண் நன்று. மணலாயின் ஓரடி ஆழம் தோண்டி நெகிழி விரிப்பு இட்டு, மண்ணும் எருவும் நிரப்புக. தோட்டமே இல்லாதவர் மேல்மாடத்தில் ஓரடி ஆழத் தொட்டி வைக்கலாம். வெயில் மட்டும் குறையக்கூடாது. நிழலில் நெல் நீளுமே தவிர விளையாது.

நெல்லென்றால் எந்நேரமும் நீர் நிற்கவேண்டும் என்பது தவறான எண்ணம். வயலில் நீர் நிற்பதன் பெரும்பயன் களையை அடக்குவது. வீட்டில் களையைக் கையாலேயே பறிக்கலாம். மண்ணில் மயிரிழை வெடிப்புக் காணும் வரை விட்டு, பிறகு இரண்டங்குலம் நீர் பாய்ச்சினால் போதும், கொசுவும் பெருகாது. பொதி கட்டும் நாள் முதல் பால் முற்றும் வரை மட்டும் ஈரம் அறாமல் பார்த்துக்கொள்க. களையிலும் ஒரு வஞ்சகன் உண்டு. குதிரைவாலி இனத்துப் புல் நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே நிற்கும். தாள் தண்டைத் தழுவும் மூட்டை விலக்கிப் பாருங்கள்: நெல்லுக்கு அங்கே மெல்லிய வெண்சவ்வு நாக்குப் போல் நிற்கும், அப்புல்லுக்கு அது இல்லை. இதைக் கற்ற குழந்தை வாழ்நாளில் மறவாது.

பாவாணர் பயிர்ச்சொற்களைத் தொகுத்துக் காட்டியதைப் படித்து வியந்தவர்கள் நாம். வியப்போடு நின்றோம். தூர் என்பதை அகரமுதலியில் தேடும் பிள்ளைக்கு, ஒரு நாற்று பத்தாய்ப் பதினைந்தாய்த் தூர் கட்டுவதைக் கண்ணால் காட்டினால் சொல்லுக்குப் பொருள் சொல்லவேண்டுமா? பொதி புடைப்பதைத் தொட்டுப் பார்க்கட்டும். கதிர் வெளிவந்தபின் முற்பகல் வெயிலில் ஒவ்வொரு சிறு பூவும் உமி விரித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்து மூடுவதைப் பார்க்கட்டும். இளமணியை நசுக்கிப் 'பால்' என்று தானே சொல்லட்டும். கருக்காய், பதர், உமி, தவிடு, நொய், வைக்கோல், அரிதாள் என்று அடுத்தடுத்து வரும் சொற்களுள் ஒன்றையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தேர்வுக்காக உருப்போட்டுத் தேர்வு முடிந்ததும் உதிர்க்கும் தமிழுக்கும் இத்தமிழுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் நன்கறிவர். பள்ளிக்கொரு பத்தடிப் பாத்தி வைப்பதற்கு எந்த ஆணை வரவேண்டும் என்று காத்திருக்கிறார்களோ!

பால் பிடிக்கும் நாளில் சிட்டும் கிளியும் வரும், வலை கட்டுக. எலிக்கும் கோழிக்கும் வலை போதாது, விழிப்பும் வேண்டும்.

நெல் தன் பூந்துகளாலேயே கருவுறும் இயல்பினது. ஆகவே வகை கலப்பது அரிது. ஆயினும் இரு வகை விதைப்போர் இடையே பத்தடி விடுக. உயரம், தாளின் நிறம், மணியின் நிறம் ஆகியவற்றில் மாறுபட்டு நிற்பது கலவன். வித்துக்கு அதைச் சேர்க்காதீர். ஒரே தூரின் நெல்லை மட்டும் எடுக்காமல், நல்ல தூர் பலவற்றிலிருந்தும் எடுங்கள். கதிர் ஐந்தில் நான்கு பங்கு பொன்னிறம் கொண்டதும் அறுத்து, கையால் உதிர்த்து, இளவெயிலில் பல நாள் காயவைத்துப் பல்லில் கடித்துப் பாருங்கள், ஒலியோடு ஒடியவேண்டும். நொச்சியிலையும் வேப்பிலையும் இட்டு மண்கலத்தில் வைப்பது பழைய முறை. சில வகைகள் அறுத்த சில கிழமைகள் உறங்கும்; அதற்குள் விதைத்துவிட்டு 'முளைக்கவில்லை' என்று சோராதீர்.

இதில் உரிமைத் தடை ஏதும் இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விளைவிலிருந்து வித்தெடுக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் இடம் தருகிறது. வணிகப் பெயர் பொறித்து விற்பதற்கு மட்டுமே தடை. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தாத மக்களிடம் அது நெடுநாள் தங்குமா என்பதை எண்ணிப்பாருங்கள்.

மரபு நெல்லின் பெயரால் நடக்கும் ஒரு வாணிகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'இதை உண்டால் நீரிழிவு பறந்துவிடும், அதை உண்டால் புற்று கரைந்துவிடும்' என்று பையின்மேல் அச்சிடுகிறார்கள். தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து மிகுதி என்பதற்கு மேல் நோய் தீர்க்கும் வாக்கு எதையும் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். அதே பையில் கருப்புக் கவுனியைப் 'பிளாக் ரைஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தமிழ்ப்பெயரைப் பின்புறம் உருப்பெருக்கி வைத்துத் தேடவேண்டும். விலைக்காக நெல்லின் பெயரை மாற்றுகிறவன், ஆங்கில ஆட்சியின் நாற்காலிப் பெயரை வைத்தவனுக்கு எவ்வகையில் உயர்ந்தவன்?

ஆகவே கலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் நெல்லின் பெயரை முழுமையாகத் தமிழில் எழுதுங்கள். யாரிடம், எந்த ஊரில் பெற்றது, எந்த ஆண்டு விதைத்தது, எத்தனை நாளில் கதிர் வந்தது என்பனவும் அதில் இருக்கட்டும். விளைந்ததில் பாதியை வேறு இரு வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் பாத்தி எலிக்கு இரையானாலும் அங்கே இருக்கும். முதன்முறை விதைப்போர்க்குப் பூங்கார், அறுபதாம் குறுவை போன்ற குறுநாள் வகைகள் ஏற்றவை. காட்டுயானம் ஆளுயரத்தைக் கடந்து வளரும், தொட்டிக்கு ஆகாது. ஆடியைத் தவறவிட்டவர் மார்கழி இறுதியில் நவரைப் பட்டத்தில் பூங்கார் விதைக்கலாம். நெடுநாட் சம்பா வகைகள் பல, பகற்பொழுது குறுகிவரும் காலத்தில்தான் கதிர் வாங்கும். அவற்றை அப்பட்டத்தில் விதைத்தால் வெறும் தாளே நிற்கும். அவ்வித்தை மட்டும் கலத்திலேயே மூடி அடுத்த ஆடி வரை வையுங்கள். அதற்கு மேல் வைக்காதீர்கள்.